குளியல் தொட்டியை எடுத்த வீடும் கிணற்றடியை மூடிய வீடும்: கிளிநொச்சி ஒழுங்கை ஒன்றில் இரண்டு விற்பனைகள்

குளியல் தொட்டியை உடைத்து எடுத்தால் வீட்டின் விலை குறையுமா என்ற கேள்வி இப்போது கிளிநொச்சியிலும் எழுகிறது. 2009க்குப் பின் மீளக் குடியேறியபோது வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணத்தில் எழுந்த வீடுகள் கைமாறத் தொடங்கிவிட்டன. கட்டியவர்களுக்கு வயதாகிவிட்டது. சிலர் பிள்ளைகளோடு போய்ச் சேர விரும்புகிறார்கள். சிலருக்கு வைத்தியசாலைக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு போதும். அப்படி விலைக்கு வரும் வீடுகள் சிலவற்றில், கட்டும் காலத்தில் ஆசையோடு பொருத்திய வெள்ளைத் தொட்டி ஒன்று தூசி படிந்து கிடக்கிறது.

வீட்டு வரைபடம் கீறுவதும் கட்டட வேலையை மேற்பார்ப்பதும் என் தொழில். பரந்தனுக்கும் கிளிநொச்சி நகருக்கும் இடையே, ஏ-9 வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் நடந்த இரண்டு விற்பனைகளில் எனக்குச் சிறு பங்கு இருந்தது. உரியவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, மற்றதை நடந்தபடி எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்க வந்தவர் எவரும் குளியல் தொட்டிக்கென்று ஒரு சதம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கிணற்றடியை மூடியதற்குக் குறைத்தார்கள். நிறையவே குறைத்தார்கள்.

முதல் வீடு

காணி 4 பரப்பு, அதாவது கால் ஏக்கர். மூன்று அறை, மண்டபம், முன் விறாந்தை, பின்னால் சமையலறை. சமையலறைக்கு வெளியே ஒரு மலசலகூடம். பெரிய அறையோடு சேர்ந்த குளியலறையில் ஐந்தரை அடி நீளத் தொட்டி. சுற்றிவரக் கல் வைத்துக் கட்டி ரைல்ஸ் பதித்திருந்தார்கள். வளவின் வடக்கு மூலையில் கட்டுக்கிணறு, அதைச் சுற்றிச் சீமெந்து மிதி, துணி தோய்க்கும் கல், தண்ணீர் ஓடிப் பாயும் பக்கத்தில் வாழை.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். தொட்டி லண்டனிலிருக்கும் மகனின் விருப்பம். மகனின் குடும்பம் விடுமுறையில் வந்து நின்றபோது பேரப்பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். அவர்கள் திரும்பிப் போனபின் அதில் யாரும் குளிக்கவில்லை. மாஸ்டரின் மனைவிக்கு முழங்கால் வலி. தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து 20 அங்குலம். அதைத் தாண்டிக் கால் வைக்க அவரால் இயலாது. ஒருமுறை முயன்று வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினாராம். அன்றிலிருந்து அந்தக் குளியலறைப் பக்கமே போவதில்லை. 2022இல் மின்சாரம் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை தடைப்பட்ட காலத்தில் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். நானறிய அந்தத் தொட்டி அந்த வீட்டுக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

வவுனியாவில் மகளின் வீட்டுக்குப் பக்கத்தில் போயிருப்பது என்று முடிவெடுத்ததும், விற்பதற்கு முன் தொட்டியை எடுத்துத் தரையைச் சமமாக்கிவிட மாஸ்டர் நினைத்தார். மகன் தொலைபேசியில் மறித்தார். "அப்பா, பாத் டப் இல்லாத வீட்டைக் குடும்பகாரர் வாங்கமாட்டார்கள். இங்கே அது வீடு விற்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் விதி." அதன்பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மகன் சொன்னது பொய்யில்லை. இங்கிலாந்தில் வீட்டு முகவர்கள் பரவலாகத் தரும் ஆலோசனை அது. குடும்பங்கள் வாங்கும் வீட்டில் ஒரு தொட்டியாவது இருக்கவேண்டும்; இரண்டு இருந்தால் ஒன்றை எடுக்கலாம், ஒன்றே ஒன்று இருந்தால் அதில் கைவைக்கக் கூடாது என்பார்கள். கைக்குழந்தையையும் நடை பழகும் பிள்ளையையும் அங்கே தொட்டியில் இருத்தித்தான் குளிப்பாட்டுகிறார்கள். குளிர்காலத்தில் வேலை முடிந்து வந்து வெந்நீரில் கிடப்பது அங்கே பலருக்கு ஓய்வு. தனியாட்கள் வாங்கும் ஒற்றை அறைத் தொடர்மாடிக்கு இதே முகவர்கள் தொட்டியை வற்புறுத்துவதில்லை. வாங்க வருகிறவர் எப்படி வாழ்கிறார் என்பதிலிருந்து பிறந்த விதி அது. வாங்குகிறவர் மாறினால் விதியும் மாறும்.

வன்னியில் வாங்குகிறவர் யார்? இங்கே பிள்ளை பிறந்தால் அம்மம்மா காலை நீட்டி இருந்து, காலில் கிடத்தித் தண்ணீர் வார்க்கிறார். கொஞ்சம் வளர்ந்தால் பிளாஸ்டிக் பேசின். இன்னும் வளர்ந்தால் கிணற்றடி. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட ஏறத்தாழ 46,000 வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய் உதவி, பரப்பளவு ஏறத்தாழ 550 சதுர அடி. அந்த அளவுக்குள் படுத்துக் குளிக்கும் தொட்டிக்கு இடமேது? அத்தகைய வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள்தான் இப்போது ஆசிரியராகி, வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, கடன் எடுத்து வீடு தேடுகிறார்கள். அவர்கள் குளித்து வளர்ந்தது கிணற்றடியில்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. ஐந்தரை அடித் தொட்டியில் உடம்பு நனைய நிரப்பினால் 100 லீற்றருக்குக் குறையாது. கூரைமேல் இருப்பது 1,000 லீற்றர் தாங்கி. நியாயமாகச் சொன்னால், கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி முழுகும் ஒருவர் இதைவிடக் கூடவும் செலவழிப்பார். ஆனால் அந்தத் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்து மண்ணுக்குள் திரும்பப் போகிறது. தொட்டித் தண்ணீர் குழாய் வழியே ஊறல் குழிக்குப் போகிறது. மாரியில் அந்தக் குழி தண்ணீரை ஏற்காது. ஆண்டுக்கு 1,000 முதல் 1,500 மில்லிமீற்றர் மழை பெறும் இந்த மண்ணில் அதன் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்கிறது. அந்த மாதங்களில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும். ஆவணி புரட்டாதியில் கிணறு அடியைக் காட்டும். இந்த ஒழுங்கைக்கு ஒரு சலுகை உண்டு: இரணைமடுக் குளத்து வாய்க்காலில் சிறுபோகத்துக்கு, அதாவது கோடைகால நெல்லுக்குத் தண்ணீர் விட்டால் கிணறும் ஊறும். வாய்க்கால் பூட்டியதும் இறங்கத் தொடங்கும்.

தொட்டிக்கு அடியில்

தொட்டியை எடுங்கள் என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் விலையை நினைத்துச் சொல்லவில்லை. குளியலறைக்குள் காலடி வைத்தவுடன் ஒரு பழைய ஈர மணம் வந்தது. தொட்டிக்கு மறுபக்கம் இருக்கும் அறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயின்ற் கொப்பளித்திருந்தது. கதவு நிலையின் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பார்த்தேன். பெயின்ற் தோல் மட்டும் இருந்தது. உள்ளே மரம் இல்லை. விரல் அப்படியே இறங்கியது. வெளியே எடுத்தபோது நகத்தில் ஈரமான செம்மண் ஒட்டியிருந்தது. கறையான்.

மேசன் பக்கச் சுவரின் முதல் கல்லைப் பெயர்த்ததும் நனைந்த மணல் சரிந்து கொட்டியது. தொட்டியின் கழிவு வாயும் குழாயும் பொருந்தும் இடத்தில் றப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. ஊற்றிய தண்ணீரில் ஒரு பங்கு ஆண்டுக்கணக்காக அந்த மணலுக்குள் இறங்கி, அங்கிருந்து சுவரில் ஏறியிருக்கிறது. மின்வெட்டுக் காலத்தில் நிரப்பி வைத்தது நோயை இன்னும் வளர்த்திருக்கும். கட்டியவர்கள் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு சிறு திறப்புக்கூட விடவில்லை. நான்கு பக்கமும் மூடி, மேலே அழகாக ரைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வெளிநாட்டில் இரவு வேலை செய்து அனுப்பிய காசு அது. பொருளை மட்டும் வாங்கி வைத்தால் போதும் என்று நினைக்கும் வேலைக்காரரின் கையில் அது ஈர மணலாகிவிடுகிறது.

திருத்த வேலை எளிமையானது. அவசரப்பட்டால் மட்டும் கெடும். மணலை முழுவதும் அள்ளி வெளியே போட்டு, சுவரைக் காயவிட்டோம். கழிவுக் குழாயை மாற்றி, மணம் மேலே வராதபடி நீர் நிற்கும் பொறி வைத்தோம். தரைக்கும் சுவரில் ஓரடி உயரத்துக்கும் நீர்க்காப்புப் பூச்சு. அதன்பின் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டி ஒரு முழு நாள் விட்டுப் பார்த்தோம், நீர்மட்டம் இறங்கவில்லை. பிறகுதான் ரைல்ஸ். வழுக்காத சொரசொரப்பு ரகம், அடிக்குக் கால் அங்குலம் சரிவு. சுவரில் ஒரு கைபிடி, இருந்து குளிக்க ஒரு சீமெந்து இருக்கை, ஒரு ஷவர், கீழே வாளிக்கு ஒரு குழாய். கதவை மூன்றடியாக அகலப்படுத்தினோம். கறையானுக்கு மருந்தடித்து, அரித்த நிலைகளில் கெட்டதை மட்டும் மாற்றினோம். ஒரு அறையின் நிலையைச் செலவு கருதி மாஸ்டர் அப்படியே விட்டார். எடுத்த தொட்டியை வட்டக்கச்சியில் மாடு வளர்க்கும் ஒருவர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார், மாட்டுக்குத் தண்ணீர் வைக்க.

வேலை முடிந்த அன்று மாஸ்டரின் மனைவி அந்த இருக்கையில் இருந்து, யாரும் பிடிக்காமல் தானே குளித்தார். விற்கப் போகும் வீட்டில் ஏன் இவ்வளவு செலவு என்று கேட்ட உறவினரிடம், "விற்கும் வரைக்கும் நான் இருக்கிறேன்தானே தம்பி" என்றார்.

வந்தவர்கள் கேட்டவை

வீடு பார்க்க வந்தவர்களோடு, மாஸ்டர் கேட்டதற்காக, நானும் நின்றேன். இங்கே வீடு பார்ப்பது வாசலில் தொடங்குவதில்லை. கேற்றைத் திறந்ததும் நேரே கிணற்றுக்குப் போகிறார்கள். எட்டிப் பார்த்து, ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்துப் பார்க்கிறார்கள். உவரா, நல்ல தண்ணீரா? புரட்டாதியில் எவ்வளவு நிற்கும்? மாரியில் வெள்ளம் வளவுக்குள் வருமா? 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. சுவரில் அந்த ஆண்டின் நீர்க்கோடு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே வழமையாகச் சொல்லப்படும் 50 அடி இருக்கிறதா என்று காலால் அளந்து பார்த்தார் வங்கியில் வேலை செய்யும் ஒருவர். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. எல்லோரும் கேட்கவேண்டிய கேள்வி அது.

ஒரு நடுத்தர வயதுப் பெண் கிணற்றடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில் மறைப்புக் கட்டினால் பெண் பிள்ளைகள் குளிக்க வசதி" என்றார். இன்னொருவர் வயல்காரர், சேற்றுக்காலோடு வீட்டுக்குள் வராமல் கழுவ இடம் பார்த்தார். செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் வாசற்படி மிதிக்கும் முன் முழுகவேண்டும். துடக்குக் கழிக்கும் நாளில் உறவு முழுவதும் வந்து முழுகும். இதற்கெல்லாம் வீட்டுக்கு வெளியே, கூரை இல்லாத, தண்ணீர் தாராளமாக ஓடும் ஓர் இடம் வேண்டும். எவ்வளவு நல்ல ஷவரும் அதற்கு ஈடாகாது.

குளியலறையை எல்லோரும் பார்த்தார்கள். கைபிடியும் இருக்கையும் பலருக்குப் பிடித்தன. வயதான தாய் தகப்பனை வைத்துப் பார்க்கும் குடும்பங்கள் இங்கே அதிகம். தொட்டியைப் பற்றி விசாரித்தவர் ஒரே ஒருவர்தான். கனடாவிலிருந்து தன் தாய்க்காக வீடு தேடியவர், தொலைபேசியில் கேட்டார். இருந்தது, எடுத்துவிட்டோம் என்றார் மாஸ்டர். "நல்லது ஐயா. அம்மா அதில் ஏறி விழுந்துவிடுவா என்றுதான் கேட்டேன்" என்றார் அவர். இரட்டைக் குடியுரிமை எடுக்காதவர் என்பதால் பேச்சு அதற்குமேல் போகவில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுதுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. வெளிநாட்டு வசதிகளை எதிர்பார்க்கும் வாங்குநர் வட்டம் இதனாலேயே சிறியது. தொட்டிக்கு விலை கொடுக்கக்கூடியவர்கள் இருப்பதே அந்தச் சிறு வட்டத்துக்குள்தான்.

கடைசியில் வாங்கியவர்கள் ஆசிரியத் தம்பதியினர். மேசையில் இருந்து பேரம் பேசியபோது குறைக்கக் கேட்டவை இவை: மாற்றாமல் விட்ட கதவு நிலை, ஈரம் ஏறிய அறைச் சுவர், மதில் இல்லாத ஒரு பக்க எல்லை. மாஸ்டர் முதல் இரண்டுக்கும் இணங்கினார், மதிலுக்கு மறுத்தார். தொட்டி இருந்த இடம் பேச்சில் வரவே இல்லை. ஆனால் தொட்டி செய்த சேதம் வந்தது. அந்த இரண்டும் அதன் கசிவால் வந்தவை. தொட்டியை எடுத்ததால் விலை குறைந்ததா என்று மகன் கேட்டபோது நான் சொன்னது இதுதான்: எடுத்ததால் குறையவில்லை, இவ்வளவு காலம் மூடிக்கட்டி வைத்திருந்ததால் குறைந்தது.

அதே ஒழுங்கையில் இன்னொரு வீடு

இதற்கு நான்கு வீடு தள்ளி, ஏறத்தாழ அதே அளவு காணியில், அதைவிடப் புதிய வீடு ஒன்று. முன்னுக்கே விற்பனைக்கு வந்தது, பின்னால்தான் விற்றது. வீட்டுக்காரர் விற்பதற்கு வசதியாக இருக்கும் என்று நம்பி, கிணற்றின் மேல் கொங்கிறீற் மூடி போட்டு, மிதியை உடைத்துச் சமமாக்கி, அந்த இடத்தில் கார் நிறுத்தக் கொட்டகை போட்டிருந்தார். மோட்டர்க் குழாய் மட்டும் மூடியைத் துளைத்து வெளியே வந்தது. வீட்டுக்குள் ஷவர், கைகழுவும் பீங்கான் எல்லாம் விலையுயர்ந்த ரகம். குறை சொல்ல முடியாத வேலை.

வந்தவர்களுக்குக் கிணற்றைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாததை எவரும் நல்லதென்று எடுப்பதில்லை. வற்றிப்போன கிணறோ, எதையோ மறைக்கிறார்களோ என்று சந்தேகம். குழாயில் வந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்தும் அது தீரவில்லை. மின்சாரம் நின்றால் வாளியால் அள்ள வழியில்லை என்று ஒருவர் திரும்பிப் போனார். அதைவிடப் பெரிய கோளாறு நிலத்துக்கு அடியில். முன்பு வாழைக்கு ஓடிய குளிப்புத் தண்ணீரும் துணி தோய்த்த தண்ணீரும் இப்போது ஊறல் குழிக்குப் போயின. மாரி பிறந்ததும் குழி நிரம்பி, சமையலறைக்குப் பின்னால் பொங்கியது. அந்த வாரத்தில் வீடு பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

அவருக்கு நான் சொன்ன வழி செலவு குறைந்தது. மூடியின் பாதியை எடுத்து, பாதுகாப்புக்கு இரும்பு வலைக் கதவு போட்டு, கொட்டகையின் ஒரு பகுதியைக் கழற்றி மிதியைத் திரும்பக் கட்டலாம். மூடியில் மட்டும் மாற்றம் செய்தார். கொட்டகையைத் தொட மனம் வரவில்லை. இறுதியில் வாங்கியவர், கிணற்றடியை மீளக் கட்டவும் தண்ணீருக்குத் தனி வாய்க்கால் வெட்டவும் ஆகும் செலவைப்போல இருமடங்கைக் கழித்துத்தான் விலை சொன்னார். புதிய வீடு, மாஸ்டரின் பழைய வீட்டைவிடக் குறைவாகப் போனது.

இரண்டு வீட்டையும் ஒப்பிடும்போது காணிப் பத்திரத்தையும் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் ஒப்பீடு பிழைத்துவிடும். இரண்டும் குடியேற்றத் திட்டக் காலத்துக் காணி, இரண்டுக்கும் அளிப்புப் பத்திரம், அதாவது அரசு காணியை எழுதிக் கொடுத்த பத்திரம் உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை, எழுத்துமூலமான முன் அனுமதி பெறாமல் கைமாற்றினால் அது செல்லாது. பிரதேச செயலகத்தில் அந்த அனுமதியை இருவரும் எடுத்திருந்தார்கள். ஒருவரிடம் வெறும் பேமிற்றும் (அனுமதிப் பத்திரம்) மற்றவரிடம் அறுதி உறுதியும் (முழு உரிமைப் பத்திரம்) இருந்திருந்தால் விலையில் வரும் இடைவெளிக்கு முன் கிணற்றடியும் தொட்டியும் ஒன்றுமில்லை. வங்கியின் மதிப்பீட்டாளரும் பத்திரம், பாதை, காணியின் அளவு, கட்டடத்தின் சதுர அடி, அதன் நிலை என்ற வரிசையில்தான் பார்த்தார். குளியலறை அவரது பார்வையில் கட்டடத்தின் நிலை என்ற ஒன்றுக்குள் அடங்கிவிட்டது.

தொட்டியை விட்டுவைக்கலாம் என்று நான் சொல்லும் இடமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அறை கொடுக்கும் விடுதியாக ஓடும் வீடு என்றால் வாங்குகிறவர் அதையே தொடர்வார். தொட்டி அங்கே தொழிலுக்கு உதவும். மேல்மாடியில் தொட்டி இருந்தால், எடுக்க முன் கீழ் அறையின் சீலிங்கைப் பாருங்கள். தட்டில் ஈரக்கறையோ, வெளியே தெரியும் கம்பித் துருவோ இருந்தால் அது மேசன் வேலையோடு முடியாது. நிலத்தளத்தில் இருப்பவர்கள், விற்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொட்டியின் கழிவு வாய் இருக்கும் பக்கத்தில் இரண்டு ரைல்ஸைப் பெயர்த்து உள்ளே கைவிட்டுப் பாருங்கள். மணல் காய்ந்திருந்தால் அவசரமில்லை. அந்த இடத்தில் ஒரு சிறு கதவு போட்டுவிட்டு, வீட்டில் முதியவர்கள் இருந்தால் மட்டும் அடுத்ததை யோசிக்கலாம். ஈரமாக இருந்தால் மாரி தொடங்க முன், வைகாசி ஆனியில் வேலையைத் தொடங்குங்கள். சுவர் காய வெயில் வேண்டும்.

புதிதாக வந்த ஆசிரியத் தம்பதியினர் கிணற்றடிக்கு மூன்று பக்கம் ஐந்தடி மறைப்புச் சுவர் கட்ட வரைபடம் கேட்டிருக்கிறார்கள். நான்காம் பக்கத்தை வாழைக்குத் தண்ணீர் பாயத் திறந்து விடும்படி கீறிக் கொடுத்திருக்கிறேன்.